குழியா, கோபுரமா

நாள் 212, 06:10
கீரைக்கூடம் வெப்பம் 24. ஈரப்பதம் சரி. இரண்டாம் தட்டு அரைக்கீரை அறுத்தாயிற்று, ஒன்றேகால் கிலோ. தண்டுக்கீரையில் பூஞ்சை, துடைத்தேன். விண்நிலையத்தில் இன்று இருவர். நான் பேச்சித்தாய், கீரைக்கூடப் பொறுப்பு. என் பேத்தி டாக்டர் நாச்சியார், அதிர்வுக் கணிதம். நிலையத்திலிருந்து வெளியே நீண்டிருக்கும் நீள்கையின் நுனியில் உள்ள தொலைநோக்கி அறையில் வேலையாக இருக்கிறாள். மற்ற நால்வரும் சரக்கு எடுக்க நிலாவுக்குப் போயிருக்கிறார்கள். பதிவேட்டில் டாக்டர் என்று போட வேண்டிய கட்டாயம் இல்லை. நானாகத்தான் போடுகிறேன்.

08:25
விண்கல் மோதியது. பெரிய கணினி செத்துவிட்டது. வெளியே யாரோடும் பேச வழியில்லை. நிலையத்தின் சுழற்சி மாறிப்போய், நானூறு மீட்டர் நீள்கை ஆடுகிறது. ஆட்டமானி 4.2. பத்தைத் தொட்டால் நீள்கை முறியும். ஆட்டம் அடங்கும்வரை நுனியறைக் கதவு திறக்காதாம், பாதுகாப்பு ஏற்பாடு. அறையிலும், நீள்கைக்குள் ஓடும் குழாயிலும் காற்று கசிந்துவிட்டது. நாச்சியார் விண்வெளி உடை போட்டிருக்கிறாள். உடைக்குள் இருக்கும் காற்று 13:40 வரை. இதைக் கண்டெடுப்பவர்கள் நேரங்களைப் பார்த்துக்கொள்ளவும். நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை.

08:50
நுனியறைக்குப் போகும் சுவர் ஃபோன் மட்டும் வேலை செய்கிறது.
நுனியறை: "அழுதியளா ஆச்சி?"
நான்: "அழ எனக்கு நேரமிருக்கா? என்ன செய்யணும், அதைச் சொல்லு."
இரண்டு சக்கரங்களைக் கையால் திருப்ப வேண்டும். ஒன்று சுழற்சிக்கு, மற்றது அதிர்வுதாங்கிக்கு. இரண்டும் ஒரு இடத்தில் பொருந்தினால் கை அசையாமல் நிற்கும். வேறொரு இடத்தில் பொருந்தினால் முறியும். எது எந்த இடம் என்பது அவளுடைய சூத்திரத்தில் இருக்கிறது. சூத்திரம் அவள் மேசையில், ஒரு தாளில். அதைப் படமாக வரையும் மென்பொருள் அவளுடைய பழைய மடிக்கணினியில். அவளிடம் திரை கிடையாது. ஆகவே நான்தான் வரைய வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்கில் இது வரவில்லை.

09:50
சூத்திரத்தைத் தட்டி முடித்தேன். திறந்த அடைப்புக்குறி பதினான்கு, மூடியது பதின்மூன்று. பிழை என்று மென்பொருளுக்குச் சிவப்பாகக் கத்தத் தெரிகிறது. எந்த இடத்தில் என்று சொல்ல மட்டும் அதற்கு வாய் வராது. ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணிக் கண்டுபிடித்தேன். அடுத்து, ஐ என்ற இங்கிலீஷ் எழுத்துக்கு மதிப்புக் கேட்டது. ஒன்று என்று கொடுத்தேன். படம் வந்தது.
நுனியறை: "என்ன தெரியுது?"
நான்: "இஸ்திரி போட்ட போர்வை மாதிரி கிடக்கு."
நுனியறை: "ஐ-க்கு என்ன குடுத்திய?"
நான்: "ஒண்ணு. கேட்டுச்சு, குடுத்தேன்."
நுனியறை: "ஐயோ ஆச்சி, அதையே அதால பெருக்குனா மைனஸ் ஒண்ணு வரணும்."
நான்: "அப்படி ஒரு எண்ணு உண்டா? யாரு காதுலட்டி பூச்சுத்துத?"
நுனியறை: "உண்டு. செட்டிங்ஸ்ல கலப்பெண்ணுன்னு இருக்கும். அதைத் தட்டுங்க."

10:35
கலப்பெண் என்பதை மூன்று புள்ளிக்குப் பின்னால், அதற்குள் இன்னொரு மூன்று புள்ளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறான். எவன் செய்தானோ, அவன் கையில் கிடைத்தால் பேசிக்கொள்கிறேன். தட்டியதும் படம் பூச்சி அரித்த புடவையாக வந்தது. பாதி இடம் ஓட்டை.
நுனியறை: "விடையில ரெண்டு பங்கு உண்டு ஆச்சி. ரெண்டாவது பங்கு வந்த இடத்தையெல்லாம் வரையாம விட்டிருக்கு. உயரத்துக்கு அளவுன்னு வைங்க, நிறத்துக்குக் கோணம்னு வைங்க."
நான்: "நிறம் எதுக்கு? இது என்ன கல்யாண வீடா?"
நுனியறை: "ரெண்டு சக்கரத்துக்கும் தரை போச்சு. எவ்வளவு ஆடுதுங்கிறதுக்கு உயரம் போச்சு. எந்த நேரம் எந்தப் பக்கம் ஆடுதுங்கிறதை வரைய இடமில்ல. அதுக்குத்தான் நிறம்."
அது எனக்குப் புரிந்தது. எழுதி வைக்கிறேன், எனக்குப் புரிந்தது.

11:40
முழுப்படம் வர ஒரு மணி நேரம். வந்தது. வானவில்லைப் பிழிந்து விரித்ததுபோல் ஒரு தரை. அதில் ஓரிடத்தில் குழி, ஓரிடத்தில் கோபுரம். குழிதான் வேண்டும். இடம் குறிக்கக் கிட்டே போனேன். விரல் பட்டுப் படம் கவிழ்ந்து, நேர் மேலிருந்து பார்ப்பதுபோல் நின்று, அப்படியே உறைந்துவிட்டது. திருப்பினால் திரும்பவில்லை. தட்டினேன், அடித்தேன், வைதேன். மேலிருந்து பார்த்தால் குழியும் கோபுரமும் ஒன்றுபோல் இருக்கின்றன. இரண்டிலும் எல்லா நிறமும் ஒரு புள்ளியில் வந்து கூடுகிறது. மறுபடி வரைய நேரமில்லை.

11:52
நுனியறை: "நிறம் தெரியுதுல்லா? போதும். ஒரு புள்ளியைச் சுத்தி விரலைக் கொண்டு போங்க. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம்னு வரிசையா வந்தா அது குழி. தலைகீழா வந்தா கோபுரம்."
சுற்றினேன். இடப்பக்கப் புள்ளியில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். மூன்று முறை சுற்றிப் பார்த்தேன். மாறவில்லை. சக்கரங்களைத் திருப்பத் தொடங்குகிறேன்.

12:31
5.1. 6.8. 8.3. குறைய வேண்டியது ஏறுகிறது. 9.1-இல் நிறுத்தினேன். நீள்கை முனகுவது இங்கே கேட்கிறது.
நுனியறை: "ஆச்சி, எந்தப் பக்கமாச் சுத்துனிய?"
நான்: "வலமாத்தான்."
நுனியறை: "கணக்குல இடமாச் சுத்தணும்."
நான்: "இடமாவா? அது சுடுகாட்டுல சுத்துறதுல்லா!"
நுனியறை: "நீங்க கோயில்னு நினைச்சிய. நான் சொல்லாம விட்டது என் தப்பு, எங்களுக்கு அது பழகிப்போச்சு. இடமாச் சுத்துங்க ஆச்சி. எனக்கு ஒண்ணும் ஆகாது."
இடமாகச் சுற்றினேன். சுற்றும்போது அவளை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். வலப்பக்கப் புள்ளியில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். நாற்பது நிமிடத்தை நான் தின்றுவிட்டேன்.

13:14
0.0. பூட்டு விளக்கு பச்சை.
நுனியறை: "திறந்துட்டு. குழாய்க்குள்ள ஏணியைப் பிடிச்சு வாரேன். இருபது நிமிஷம். இந்த ஃபோன் கம்பியைக் கழட்டுனா பேச முடியாது. சக்கரம் தானா நழுவும், கையை எடுத்திராதிய."
நான்: "நீ பேசிப் பேசிக் காத்தைத் தீக்காத. வா."

13:19
இரண்டு சக்கரத்தையும் உடம்பால் அண்டை கொடுத்துப் பிடித்திருக்கிறேன். ஒரு கை விரல்தான் எழுதுவதற்கு. நாச்சியார் வருவது ஆட்டமானி முள்ளில் தெரிகிறது. அவள் ஏணிப்படியைப் பற்றும்போதெல்லாம் 0.1 என்று துடித்து 0.0-க்கு வருகிறது. 0.1. 0.0. 0.1. சீராக வருகிறாள். நல்ல பிள்ளை.

13:31
துடிப்பு மெதுவாகிறது. பாதிக்கு மேல் வந்திருப்பாள். எண்ணிக்கை விட்டுப்போனது. இந்தச் சனியன் பிடித்த சக்கரம் வழுக்குகிறது.

13:37
0.1

0.0

0.1

13:40
0.0
அவள் வாசலுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள் என்று இங்கிருந்து தெரியாது. போய் இழுக்கலாம். சக்கரத்திலிருந்து கையை எடுத்தால் நீள்கை முறியும்.

13:41
0.0

13:42
0.0
அசை, நாச்சியா. ஒரு படி. அசையட்டி