படிவத்தில் மூன்று வகுப்பறைகள்

மேற்கு மாம்பலம்,
14.8.1973

அப்பாவுக்கு வைரவனின் வணக்கம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

கல்விச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமையாசிரியர்கள் அனுப்பும் படிவங்களைக் கூட்டிக் கணக்கெடுப்பதுதான் இங்கே என் வேலை. நேற்று உங்கள் படிவம் வந்தது. வகுப்பறைகள் மூன்று என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பள்ளியில் இருப்பது ஓர் அறை. வேப்பமரத்தடியையும் கோயில் மண்டபத்தையும் சேர்த்துவிட்டீர்கள், அப்படித்தானே?

படிவத்தில் மரத்தடிக்குத் தனிக் கட்டம் ஏன் இல்லை என்று சூப்பரின்டெண்ட் கருணாகரனிடம் கேட்டேன்.

"உனக்கு இன்னா நைனா அதெல்லாம்? எழுதிக்கீறத கூட்டு, போதும்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. மூன்று அறை இருக்கும் பள்ளிக்குப் புதுக் கட்டடம் எதற்கு என்று கேட்கத்தான் அந்தக் கட்டத்தையே போடாமல் விட்டிருக்கிறார்கள். மூன்று போடும்படி உங்களிடம் யார் சொன்னது? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் படிவத்தைக் கூட்டலில் சேர்க்காமல் என் மேஜைக்குள் வைத்திருக்கிறேன். இதோடு வெற்றுப் படிவம் ஒன்று இருக்கிறது. நிரப்பி, இருபத்தைந்தாம் தேதிக்குள் என் அறை முகவரிக்கே அனுப்புங்கள். முடிந்தால் அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் பருப்புப் பொடியும். மெஸ்ஸில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருகிறேன்.

உங்கள் கையெழுத்து எனக்கு அப்படியே வரும். ஆனாலும் நான் திருத்த மாட்டேன். ஒன்று என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

வைரவன்