ஆறாவது பாட்டின் கடைசி நாற்பது விநாடி

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவைக் கட்டிய பாவத்துக்கு உனக்கு மாமாவாகிவிட்டவன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

கைப்பட எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான்கு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. மின்னஞ்சல் அனுப்பினால் என் பெயரைப் பார்த்ததுமே அழித்துவிடுவாய். தபாலில் வந்த காகிதத்தைப் பிரிக்காமல் கிழித்துப்போடுகிற ஆள் நீ இல்லை. உறைமேல் முகவரியை உன் அக்காவை எழுதச் சொன்னதும் அதற்காகத்தான். திருட்டுத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

போன வாரம் நீ அவளிடம் பேசியதை அவள் அப்படியே என்னிடம் சொன்னாள். "இனிமே பாட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்க்கா. எனக்கு அதுக்கான காதே இல்ல" என்றாயாம். மாதக் கடைசியில் அறையைக் காலி செய்கிறாயாம். கிட்டார் முதல் மைக் வரை எல்லாவற்றையும் யாருக்கோ தூக்கிக் கொடுக்கப் போகிறாயாம். கம்ப்யூட்டரையும் டிஸ்க்குகளையும் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் கொடுப்பாயாம். நீ துடைப்பதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க வேண்டும். கிடைத்தால் முழுவதும் படி. அப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காது போய்விட்டது. முழுவதும் இல்லை, மேல் பாதி.

மூன்று வாரம் முன்பு எங்கள் தொழிற்சாலைக்குக் காது சோதனை வண்டி வந்தது. வருடா வருடம் வருவதுதான். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் நான் போகவில்லை. அலமாரிக் கதவுக்கு ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது, தகடு அழுத்திக்கொண்டு ஓடுகிற பிரஸ்ஸை நிறுத்திவிட்டுப் போக மனம் வரவில்லை. இந்த முறை மேற்பார்வையாளர் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினார். கண்ணாடி வைத்த சின்னப் பெட்டி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். முதலில் அழுத்திக்கொண்டே வந்தேன். பிறகு ஒன்றுமே வரவில்லை. சோதிக்கிற பெண் மிஷினை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கிறாள் என்று நினைத்துக் கண்ணாடியைத் தட்டி, "மிச்சத்தை ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வையிலேயே பாதி புரிந்துவிட்டது. மிச்சமும் முடிந்துவிட்டிருந்தது.

அவள் காட்டிய காகிதத்தில் ஒரு கோடு நேராக வந்து, பாதி வழியில் படி தவறியவன் மாதிரி கீழே விழுந்திருந்தது. அடிச்சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறது, உயர்ந்த மெல்லிய சத்தங்கள்தான் கேட்கவில்லை என்றாள். இயர்பிளக் போடுகிற வழக்கம் உண்டா என்று கேட்டாள். உண்டு, ஆனால் தகட்டின் மேல் இறங்குகிற அச்சு, அந்த டை, சரியாக உட்காருகிறதா என்று சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன், அதற்காக அடிக்கடி கழற்றுவேன் என்றேன். வீட்டில் நான் உரக்க வைத்துக் கேட்கிற பாட்டைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "பாட்டு மேல பழியப் போடாதீங்க. இது இருபத்திரண்டு வருஷ பிரஸ் பண்ண வேலை" என்றாள். உன் அக்காவிடம் இதை இரண்டு முறை சொல்லிவிட்டேன், நம்ப மாட்டேன் என்கிறாள்.

ஒரு லாபமும் இருக்கிறது. எங்கள் வாஷிங் மெஷின் வேலை முடிந்ததும் பீப் பீப் என்று கூப்பிடுமாம். நான் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். இரண்டு வருடமாக உன் அக்கா என்னைச் சோம்பேறி, கல்லுளிமங்கன் என்று திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது திட்டுவதில்லை. திட்டினால் தேவலை என்று இருக்கிறது.

சோதனை முடிந்த அன்று வீட்டுக்கு வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் என் விமர்சன நோட்டை எடுத்தேன். இந்த மாதிரி இசை கேட்கிற நம் வட்டத்து இருநூறு பேருக்குப் போகிற மாத மடலில் "தகரம்" என்ற பெயரில் நான் எழுதிக் கிழித்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது. கடைசி இரண்டு வருடத்தில் பதினான்கு ஆல்பம். ஆட்டுக்கொட்டகையில் மூன்று சகோதரிகள் பதிவு செய்த அந்த நாட்டுப்பாடல் ஆல்பத்துக்கு, "குழல் இருக்கிறது, அதற்குள் போகிற மூச்சைக் காணோம்" என்று எழுதியிருக்கிறேன். பழைய இரும்புக் கிடங்கில் இரண்டு பேர் இயந்திரச் சத்தத்தையே இசையாக்கிச் செய்த இண்டஸ்ட்ரியல் ஆல்பத்துக்கு, "சங்கிலியைக் கம்பளியில் சுற்றி இழுத்திருக்கிறார்கள்." எருமைத்தலை அட்டைக்காரர்களின் புது மெட்டல் ஆல்பத்துக்கு, "டிரம்ஸின் சிம்பல் தட்டு எங்கே? விற்றுச் சாப்பிட்டுவிட்டார்களா?" பதினான்கில் பதினொன்றுக்கு இதே குறைதான். வெவ்வேறு தேசத்தில், ஒருவரையொருவர் அறியாத பதினோரு கூட்டம் ஒரே தப்பைச் செய்கிறது என்று நம்பினேனே தவிர, கேட்கிறவன் ஒருத்தன்தானே என்று எனக்கு உறைக்கவே இல்லை. இந்தக் காலத்தில் யாருக்கும் ஒலிப்பதிவே தெரிவதில்லை என்று ஒரு கட்டுரை வேறு எழுதினேன். அதைப் பாராட்டி ஏழெட்டுப் பேர் பதில் போட்டார்கள், அதுதான் கொடுமை.

எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிவிடுவேன் என்று நினைக்காதே. அந்த இண்டஸ்ட்ரியல் ஆல்பத்தில் பிரஸ் ஓடுகிற சத்தம் என்று அட்டையில் போட்டிருப்பது பிரஸ்ஸே இல்லை, எவனோ இரும்புக் கதவைச் சாத்துகிறான். அது அடிச்சத்தம், அதில் என்னை ஏமாற்ற முடியாது. எருமைத்தலைக்காரர்கள் வேகத்தைக் கூட்டியதும் மெட்டைத் தொலைத்துவிட்டார்கள் என்பதிலும் மாற்றமில்லை. உன் ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு இரண்டு நிமிடம் அதிகம் என்று சொன்னேனே, அதுவும் அப்படியே நிற்கிறது. சகோதரிகளிடம் மட்டும் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

இனி உன் ஆல்பம். நான்கு வருடம் அந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து, நாட்டுப்பாட்டு மெட்டையும் மெட்டல் கிட்டாரையும் இரும்புச் சத்தத்தையும் சேர்த்து நீ செய்த ஒன்பது பாட்டு. போன வருடம் முதல் ஆளாக எனக்கு அனுப்பினாய். பாட்டெல்லாம் பிரமாதம், ஆனால் மூடி போட்ட பானைக்குள் வாசித்த மாதிரி இருக்கிறது, மேல் சத்தத்தைக் கூட்டு என்றேன். கூட்டினாய். போதாது என்றேன். மறுபடி கூட்டினாய். இன்னும் கொஞ்சம் என்றேன். மூன்றாவது முறை அனுப்பியது எனக்குத் திருப்தியாக இருந்தது, அப்படியே வெளியிடச் சொன்னேன். வெளிவந்ததும் ஒருவர் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். இன்னொருவர் இரண்டாவது பாட்டிலேயே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டதாக எழுதினார். ஊரே திட்டியபோது தகரம் ஒருவன்தான் ஒலி என்றால் இதுவல்லவா ஒலி என்று மடலில் கொண்டாடினான். அதைப் படித்துவிட்டு நீ எவ்வளவு நொந்துபோயிருப்பாய் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வேறு யார் சொல்லியிருந்தாலும் நீ கேட்டிருக்க மாட்டாய். இந்தப் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்ததே நீதான். கல்யாணமான புதிதில் உங்கள் வீட்டுக் கூடத்தில் பேச ஆளில்லாமல் மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்திருந்தவன் தலையில் நீ ஹெட்போனை மாட்டிவிட்டாய். ஒருத்தன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். வேலைக்களைப்பு வீட்டில் உட்கார்ந்தபடியே இறங்கிப்போனது அன்றைக்குத்தான். அப்போதிலிருந்து ஒருவருக்கொருவர் முகஸ்துதி கூடாது என்று வைத்துக்கொண்டோம். அதனால்தான் நான் சொன்னதை நீ நம்பினாய்.

அந்த ஆறாவது பாட்டுக்கு வருகிறேன். பாட்டு முடிந்தபின் நாற்பது விநாடி ஒன்றுமே இல்லை, எதற்கு இந்த இழுவை, எடுத்துவிடு என்று எழுதினேன். நீ உடனே போன் செய்தாய். "மாமா, நிஜமாவே அங்க ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாய். "ஒண்ணும் இல்லடா, வெறும் காத்து" என்றேன். நீ சரி என்று வைத்துவிட்டாய். அடுத்த பதிப்பில் அது இல்லை. சொன்னதும் கேட்டுக்கொண்டானே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

சோதனையில் தெரிந்ததை இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்தான், வேறென்ன. போன வாரம் நீ பேசிய பிறகுதான் உன் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, உன் முதல் பதிப்பைக் கேட்டு அதில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்லச் சொன்னேன். நம் இசைக்குப் பாத்திரக்கடைச் சண்டை என்று பெயர் வைத்தவள் அவள். ஆனால் ஏற்றுமதிச் சட்டைகளைப் பரிசோதித்துப் பழகிய கண், விட்டுப்போன ஒரு தையலை இரண்டடி தள்ளி நின்றே பிடிக்கும். காதும் அப்படித்தான் வேலை செய்தது. ஒரு தாளில் நிமிடக் கணக்குப் போட்டு எழுதிக்கொண்டே வந்தாள். முதல் பாட்டில் யாரோ மணல் சலிப்பது போல ஒரு சத்தம் என்று எழுதினாள், அது உன் சிம்பல். இரண்டாவதில் சுரம் எழும்புவதற்கு முன்னால் கம்பியில் வில் படுகிற ஒரு சின்ன உரசல் என்று எழுதினாள், அதைத்தான் இல்லை இல்லை என்று உன் உயிரை எடுத்தேன். நான்கு பாட்டு முடிந்ததும் ஹெட்போனை ஒரு பக்கம் நகர்த்தி, "எல்லாம் இருக்குங்க. நீங்க இல்லன்னு சொன்னது எல்லாமே இருக்கு" என்றாள்.

ஆறாவது பாட்டு முடிகிற இடத்தில் அவள் பேனா நின்றுவிட்டது. திருப்பி வைத்துக் கேட்டாள். இன்னொரு முறை கேட்டாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். அங்கே ஒன்றும் இல்லையே, எதற்கு அழுகிறாய் என்று கேட்டேன். "அப்பா கத்தரிங்க" என்றாள்.

என் மாமனார் முடிவெட்டும்போது அவர் கத்தரி சும்மா இருக்காது. முடியில் மூன்று வெட்டு, ஒரு நிறுத்தம், காற்றில் இரண்டு வெட்டு. பத்து வருடம் அவரிடம்தான் தலையைக் கொடுத்தேன், பெண் கொடுத்தவர் என்பதற்காக ஒரு முறையும் மெதுவாக வெட்டியதில்லை. அந்தச் சத்தம் என் காதோரத்திலேயே ஓடியது. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. எப்போது அவர் கடையில் உட்கார்ந்து அதைப் பதிவு செய்தாய் என்று உன் அக்காவுக்குக்கூடத் தெரியவில்லை. ஞாயிறு மதியம் அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, விரலால் தட்டித்தட்டி அந்த நாற்பது விநாடியையும் எனக்குக் காட்டினாள். சரியாக அவரேதான்.

நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. அப்பாவின் கத்தரியைக் கேட்டுவிட்டு வெறும் காற்று என்று இவன் சொன்னான் என்று நினைத்திருக்கிறாய். மச்சான், நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அடையாளம் தெரியாமல் போகுமா? உன் வேலையில் ஒரு குறையும் இல்லை. நான் சொன்ன குறையெல்லாம் என்னுடையது. எனக்கு எத்தனை வருத்தம் என்று எழுதத் தெரியவில்லை.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. கிட்டாரைக் கொடுப்பதும் அறையைக் காலி செய்வதும் உன் இஷ்டம், அதில் மூக்கை நுழைக்க எனக்கு முகமில்லை. டிஸ்க்குகளை மட்டும் துடைக்காதே. என்னிடம் இருப்பது கேட்டுப் பார்க்க நீ அனுப்பிய, தரம் குறைந்த சுருங்கின பிரதி, அதை வைத்து வெளியிட முடியாது என்று உனக்கே தெரியும். முதல் பதிப்பை அப்படியே வெளியிடு. அந்த நாற்பது விநாடியோடு வெளியிடு. ஏற்கெனவே வந்தது கெட்டுப்போனதற்குக் காரணம் யார் என்று இந்த மாத மடலின் முதல் பக்கத்தில் என் சொந்தப் பெயரில் எழுதி அனுப்பிவிட்டேன். தகரம் இனி எழுத மாட்டான்.

உன் அக்கா சுருங்கின பிரதியைத் தினமும் கேட்கிறாள். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் ஆறாவது பாட்டின் கடைசியை மட்டும் ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். நீ எங்கே போனாலும், என்ன வேலை பார்த்தாலும் நன்றாக இருப்பாய். இதற்குப் பதில் எழுத வேண்டாம். போன் செய். செய்தால் மட்டும் கொஞ்சம் உரக்கப் பேசு. என்னைத் திட்டுவதாக இருந்தாலும் சரி, ஒரு வார்த்தை விடாமல் கேட்க வேண்டும்.

எப்போதும் உன்,
மாமா