ஊசி இல்லாத மருந்து

சின்னவளின் அப்பாவுக்கு,

நீங்கள் ஆய்வகத்தோடு குடித்தனம் நடத்தப் போன பிறகும் இங்கே நலம்தான். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மருந்துச் சோதனையில் பேர் கொடுக்க நேற்று அவளோடு போனேன். இனிமேல் வயிற்றில் ஊசி குத்திக்கொள்ள வேண்டாமாம், அப்பா செய்த இன்சுலின் மாத்திரையை விழுங்கினால் போதுமாம். இரைப்பை அமிலம் இன்சுலினைக் கரைத்துவிடாதபடி நுண்துகளுக்குள் பொதிந்துவைத்த கதையை வழியெல்லாம் பெருமையாக விளக்கிக்கொண்டு வந்தாள்.

அங்கே நர்ஸ் கேட்டாள். "இறால் ஒத்துக்குமா? அந்தத் துகளே இறால் ஓட்டுலேர்ந்துதான் செய்யறாங்க."

"ஐயோ, சாப்பிட்டா எனக்கு மூஞ்சியெல்லாம் வீங்கிடும்" என்றாள் இவள்.

"அப்போ சேத்துக்க முடியாதும்மா. டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காரு."

டாக்டர் என்றால் நீங்கள்தான்.

சிறுவயதில் முதல்முறை இறால் தின்று அவள் மூச்சுத் திணறியபோது, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து உங்களுக்குத்தான் போன் செய்தேன். "இப்பதான் துகள் உடையாம நிக்குது. நீயே பாத்துக்கோ" என்று வைத்துவிட்டீர்கள்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளர்ந்துவிட்டாள். திரும்பும்போது அழக்கூட இல்லை. "அப்பாவுக்கு என்னைப் பத்தி இது தெரியாதாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

பிறந்தநாளுக்கு வருவதாகச் சொன்னீர்களாம். வாருங்கள். தின்பதற்கு மட்டும் எதுவும் வாங்கி வராதீர்கள். அவளுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
பார்த்துக்கொண்டவள்