ஐந்து கிலோ விரால்

ஊத்துக்கோட்டை
27.1.2025

அன்புள்ள கல்பனா பாப்பாவுக்கு,

மாமா ஆதிநாராயணன் எழுதுவது. நானும் சுகம், உன் அத்தை கோவிந்தம்மாவும் சுகம், ஏரியில் தண்ணீரும் சுகம். உன் வீட்டுக்காரர் பாஸ்கர் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

போனில் பேசுங்கள் என்று அன்புராஜிடம் சொல்லி அனுப்பினாயாம். இருபத்தாறு வருஷம் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் உருளை மிஷின் பக்கத்தில் நின்ற காது இது. போனை வைத்தால் உள்ளே மழை பெய்கிற சத்தம்தான் வருகிறது. அதனால் எழுத்துதான். உன் கம்பெனி பஸ் ஓட்டுகிற அன்புராஜ் நம் பக்கத்துத் தெருதானே, அவனே கொண்டு வரட்டும். நான் ஏழாம் வகுப்போடு நின்றபோது ஜில்லா கல்வி அதிகாரி என் கையெழுத்தைப் பார்த்துக் கண் கலங்கியது உனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை வந்து மூன்று நாள் ஆகிறது. பிரஸ் மிஷினில் இரண்டு விரல் போனதிலிருந்து நான்கு மாதமாக வாய் திறக்கவில்லை, வலது கையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார் என்றாய். எங்கள் வீட்டுச் சுவரையும் அப்படியே பார்க்கிறார். ஆனால் நீ அனுப்பியது சரியான இடம். ஏரியில் தூண்டில் போடுவதில் திருவள்ளூர் மாவட்டத்திலேயே எனக்கு மேல் இரண்டு பேர்தான் இருந்தார்கள், இரண்டு பேரும் இப்போது இல்லை.

சாமான் எல்லாம் தயார். பழவேற்காட்டில் என் சிநேகிதன் ஸ்டீவனிடமிருந்து வாங்கி வந்தேன். இரண்டு கழி, மாட்டைக் கட்டினாலும் அறாத தூண்டில் நரம்பு, எலுமிச்சம்பழம் அளவு ஈயக்குண்டு, வளைத்த ஆணி மாதிரி முள், இரைக்கு ஒரு கிலோ இறால். "யோவ், இது உப்புத் தண்ணிக்குய்யா" என்றான் அவன். தண்ணீர் என்றால் தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் ஏரியில் மீன் குத்தகை பச்சையப்பனுடையது. வலை போடக்கூடாது, கழித் தூண்டில் என்றால் போட்டுக்கொள் என்றான். என்னைக் கழியோடு பார்த்ததும் அவன் முகம் செத்துப் போனது. இந்த வருஷ மீனெல்லாம் போச்சு என்று நினைத்திருப்பான்.

நீ கவலையை விடு. வேலை என் கைக்கு வந்துவிட்டது.

இப்படிக்கு,
ஏரிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் உன் மாமா,
ஆதிநாராயணன்

•

கும்மிடிப்பூண்டி
30.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கல்பனா எழுதுகிறேன். நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று ஒரு வரி இல்லை. உங்கள் கையெழுத்தைப் பற்றியும் பச்சையப்பன் முகத்தைப் பற்றியும்தான் இருக்கிறது. அவர் போனை அணைத்து வைத்திருக்கிறார். அத்தைக்குப் போன் போட்டால் "கீறாரும்மா" என்று ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கிறார் என்பது எனக்கும் தெரியும்.

இதை இரண்டு தடவை படியுங்கள். கம்பெனியில் அவருக்குத் தரம் பார்க்கும் பிரிவில் உட்கார்ந்து செய்கிற வேலை வைத்திருக்கிறார்கள். அளவுக் கருவியில் வைத்துப் பார்த்து, சரி, சரியில்லை என்று பிரிக்கிற வேலை. பிப்ரவரி 24-ஆம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். தாண்டினால் அந்த நாற்காலியில் வேறு ஆள். இதை அவரிடம் பத்துத் தடவை சொல்லிவிட்டேன். காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. இந்தக் கையோடு அத்தனை பேர் முன்னால் போய் உட்கார அவருக்கு மனம் வரவில்லை. அதுதான் விஷயம்.

கல்யாணம், காதுகுத்து எதற்கு வந்தாலும் இருபது வருஷமாக நீங்கள் சொல்லிவந்த மீன் கதைகளை நம்பித்தான் அவரை அங்கே அனுப்பினேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். அவர் கையை வெளியே எடுக்கட்டும், நாலு வார்த்தை பேசட்டும். நீங்கள் நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்
கல்பனா

•

ஊத்துக்கோட்டை
5.2.2025

அன்பு மகளாகிய கல்பனாவுக்கு,

மாமாவின் ஆசீர்வாதம். உட்கார்ந்துகொண்டு படி.

நேற்று விடிந்தும் விடியாமலும் மதகுப் பக்கம் போனோம். நான் இரை கோத்துக் கொடுத்தேன், மாப்பிள்ளை வீசினார். வீசிய வேகத்தில் காற்று கிழிந்தது. ஐந்து நிமிஷம் இருக்காது, கழி வில்லாக வளைந்தது. விரால். ஐந்து கிலோ. ஏரியே ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது. "மாமா, இஸ்துக்கினு போவுது, புடி புடி" என்று மாப்பிள்ளை போட்ட சத்தம் எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த வலது கையாலேயே நரம்பைச் சுற்றிச் சுற்றி இழுத்தார். கரையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். பச்சையப்பன் என் காலைத் தொடப் போனான், நான்தான் தடுத்துவிட்டேன்.

மீனைப் போட்டோ எடுக்கச் சொல்லாதே. அத்தை குழம்பு வைத்துவிட்டாள். தெருவே சாப்பிட்டது. மாப்பிள்ளை மூன்று தட்டு சோறு சாப்பிட்டுவிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டே தூங்கினார்.

வேலைக்கு எப்போது வேண்டுமானாலும் கிளம்புகிற நிலையில் இருக்கிறார். நான் சொன்னேன் அல்லவா?

வெற்றியோடு முடிக்கும்
உன் மாமா ஆதிநாராயணன்

•

கும்மிடிப்பூண்டி
10.2.2025

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை கேன்டீனில் வைத்துப் படித்தேன். பக்கத்தில் இருந்த காயத்ரி ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். அவளிடமும் படித்துக் காட்டினேன். உங்களைப் பற்றி நான் தப்பாக நினைத்தது உண்டு. மன்னித்துவிடுங்கள்.

அன்றைக்கே மேனேஜர் மோகன்ராஜ் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் தேறிவிட்டார், 17-ஆம் தேதி திங்கட்கிழமையே வந்து சேருகிறார் என்று. சாரும் சந்தோஷப்பட்டார். நாற்காலியைத் துடைத்து வைக்கச் சொல்கிறேன் என்றார்.

நீல நிறச் சட்டை ஒன்று அன்புராஜிடம் கொடுத்திருக்கிறேன். பொன்னேரியில் எடுத்தது. பித்தானுக்குப் பதிலாக உள்ளே ஒட்டுகிற பட்டை வைத்துத் தைத்திருக்கிறேன், ஒரு கையாலேயே போட்டுக்கொள்ளலாம். 17-ஆம் தேதி காலை அவரை அன்புராஜ் பஸ்ஸில் ஏற்றி அனுப்புங்கள். நான் கேட்டில் நிற்கிறேன்.

உங்கள்
கல்பனா

•

கும்மிடிப்பூண்டி
17.2.2025

மாமாவுக்கு,

ஆறரை மணியிலிருந்து கேட்டில் நின்றேன். பஸ் வந்தது. நாற்பது பேர் இறங்கினார்கள். கடைசியில் அன்புராஜ் சாவியோடு இறங்கி வந்து, "வரலக்கா" என்றான். கையில் அந்தச் சட்டை, பையோடு, பிரிக்காமல்.

அத்தைக்குப் போன் போட்டு, இந்தத் தடவை விடவில்லை. விரால் இல்லை. ஐந்து கிலோ இல்லை. வந்த நாளிலிருந்து ஒரு மீன்கூட இல்லை. தெருவே சாப்பிட்ட குழம்பு ஊத்துக்கோட்டைச் சந்தையில் வாங்கிய மத்தி. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, கை துண்டை விட்டு வெளியே வரவில்லை. என் 10-ஆம் தேதிக் கடிதத்தை நீங்கள் அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டீர்களாம். அவருக்குத் தெரியவே தெரியாதாம்.

மோகன்ராஜ் சாரிடம் காய்ச்சல் என்றேன். என் முகத்தைப் பார்த்தாலே பொய் என்று தெரிந்திருக்கும். "இருபத்திநாலுமா. அதுக்கு மேல என்னால முடியாது" என்றார்.

உங்கள் கதைக்குச் சபையில் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள் மாமா. அவர்களிடம் சொல்லியிருக்கலாம். என்னிடம் ஏன்?

கல்பனா

•

ஊத்துக்கோட்டை
20.2.2025

கல்பனாவுக்கு,

நீ எழுதியதெல்லாம் சரி. எனக்கு ஏரியில் தூண்டில் போடத் தெரியாது. சின்ன வயதில் ஒரே ஒரு தடவை போட்டேன், என் அண்ணன் காதில் மாட்டியது. நீ ஆசையோடு கேட்டபோது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. விராலை எழுதும்போது, எழுதியது பிறகு நடந்துவிடும் என்று நினைத்தேன்.

இப்போது எழுதுவது நடந்தது. அலங்காரம் இல்லை.

உன் 17-ஆம் தேதிக் கடிதத்தை மறுநாள் கரையில் உட்கார்ந்துதான் படித்தேன். மாப்பிள்ளை பத்தடி தள்ளி வழக்கம்போலத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். நான் வாய்க்குள் முணுமுணுத்துத்தான் படித்தேன். காது போனவன் முணுமுணுப்பு எவ்வளவு சத்தம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? மதகில் துணி துவைத்தவர்கள் துவைப்பதை நிறுத்திவிட்டார்களாம். நீ கேட்டில் நின்றது, நாற்பது பேர் இறங்கியது, பிரிக்காத சட்டை, மத்தி மீன், எல்லாம் ஏரி முழுக்கக் கேட்டிருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

மாப்பிள்ளை நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். நான்கு மாதத்துக்குப் பிறகு பேசின பேச்சு, அது இந்தச் செவிட்டுக் காதில் விழவில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் "என்னிடம் ஏன்" என்ற கடைசி வரியை மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது என் மூக்குக்கு நேராக ஒரு கை வந்து நின்றது. போதும் என்கிற மாதிரி. விரல் இரண்டு இல்லை. துண்டு கீழே கிடந்தது.

பிறகு என் காதில் வாயை வைத்துக் கத்தினார். "போதும் மாமா. ஊரே கேக்குது." நான் வாயை மூடினேன். அவர் மூடவில்லை. நான்கு மாதக் கணக்கும் சேர்த்து என்னைத் திட்டினார். "இருவது நாளா சேத்துக்குத் தீனி போட்டுக்கினு கீறீங்க. அம்மாம் பெரிய ஈயத்த கட்டனா முள்ளு எங்க நிக்கும்? போய் சேத்துல பொதையும். கடல் எறாவ ஏரி மீனு இன்னாத்துக்குத் துண்ணும்?" எல்லாம் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்திருக்கிறார். சுவரைப் பார்க்கிற மாதிரியே என் முட்டாள்தனத்தையும் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்திருக்கிறார்.

பச்சையப்பன் சிரித்துக்கொண்டே வந்து மெல்லிய நரம்பும் சின்ன முள்ளும் கொடுத்தான். மாப்பிள்ளை ஈயத்தை அறுத்து எறிந்துவிட்டு, மிளகு அளவு ஈயம் ஒன்றைக் கடித்து நசுக்கி ஒட்டவைத்தார். தெர்மாகோலைக் கிள்ளித் தக்கை. கரை மண்ணைக் கிளறி மண்புழு. முள்ளைக் கட்டத்தான் பாடு. கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே நரம்பு நிற்கவில்லை. மூன்று தடவை நழுவியது. நான் கை நீட்டினேன், "கிட்ட வராதீங்க" என்றார். நான்காவது தடவை பல்லால் இழுத்து இறுக்கினார். கோரைப் புல் ஓரமாக, முழங்கால் ஆழத்தில், சத்தமில்லாமல் போட்டார். என்னை இருபதடி தள்ளி உட்காரவைத்தார். நான் பேசினால் மீன் ஓடுகிறதாம்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. நேற்றும் இல்லை. இன்று காலை தக்கை இரண்டு தடவை குனிந்து, பிறகு முழுகியது. ஒரு ஜிலேபி மீன். அரை கிலோ. சரி, கால் கிலோ. உள்ளங்கை நீளம்தான்.

அரிசி டின்னுக்கு அடியிலிருந்து உன் 10-ஆம் தேதிக் கடிதத்தையும் எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை.

தப்புச் செய்த
மாமா

•

கும்மிடிப்பூண்டி
21.2.2025

மாமாவுக்கு,

இந்தத் தடவை கதை முன்னைவிட நன்றாக வந்திருக்கிறது. மீனைச் சின்னதாக்கிவிட்டால் நான் நம்பிவிடுவேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவர் கையை வெளியே எடுத்தார் என்று ஏற்கெனவே ஒரு தடவை எழுதினீர்கள். கத்தினார் என்றும் எழுதினீர்கள். அதைப் படித்துத்தான் நான் கேட்டில் போய் நின்றேன். இரண்டாவது தடவை நிற்க என்னால் முடியாது. உண்மையாகவே இருந்தாலும் முடியாது. அத்தைக்குப் போன் போட்டுக் கேட்கவும் எனக்கு மனம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாரவிடுமுறை. காலை பஸ்ஸில் வந்து அவரை அழைத்துப் போகிறேன். வேலை போனால் போகட்டும். என் கண் முன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் இனி எழுத வேண்டாம்.

கல்பனா

•

ஊத்துக்கோட்டை
22.2.2025, சனிக்கிழமை மதியம்

கல்பனா பாப்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நாளைக்கு நீ பஸ் ஏற வேண்டாம்.

உன் கடிதத்தை நான் படிக்கும் முன்னால் மாப்பிள்ளை பிடுங்கிக்கொண்டார். நான் படித்தால் ஊரே படித்த மாதிரி என்றார். படித்துவிட்டு என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போய்க் குளித்துவிட்டு வந்து அந்த நீலச் சட்டையைக் கேட்டார். அன்புராஜ் வீட்டிலிருந்து அத்தை போய் வாங்கி வந்தாள்.

திங்கட்கிழமை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். காதில் வாயை வைத்துச் சொன்னார். "போய் உக்காந்து பாக்கறேன் மாமா. பாக்கறவன் பாக்கட்டும். முடியலன்னா திரும்பி வந்து உங்க கூடத்தான் மீன் புடிக்கணும், அது இத்தவிடப் பேஜாரு." அத்தை சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான்.

அவர் பயப்படவில்லை என்று நான் எழுதமாட்டேன். சட்டை போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். துண்டை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். கடைசியில் துண்டு எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை, பார்க்காததை எழுதப் போவதில்லை.

இந்தக் கடிதத்தை அன்புராஜ் கொண்டு வரவில்லை. கவரை எந்தக் கையால் நீட்டினார் என்று நீயே பார்த்திருப்பாய். அதை எனக்கு ஒரு வரி எழுது.

நீ படித்து முடிக்கும்வரை அவர் உள்ளே வரமாட்டார், வாசலிலேயே நிற்பார். படித்தது போதும். கூப்பிடு.

மாமா