புதன்கிழமை வகுப்புக்கு ஒரு துணை

மார்ச் 4

சின்னுவின் அப்பாவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் பொய். நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கை நடுங்குகிறது, நடை குறுகிவிட்டது. மருந்துக்கடையில் கத்தரிக்கோல் பிடித்து மாத்திரை அட்டையை வெட்ட முடியவில்லை. முதலாளி என்னை பில் போடும் இடத்துக்கு மாற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் புதன்கிழமைதோறும் இந்த நோய்க்காரர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. வீட்டாள் ஒருவர் கூட வந்தால்தான் இடம் தருவார்கள்; அவருக்கும் சேர்த்தே பாடமாம். சின்னு கைக்குழந்தையோடு கடல் கடந்து இருக்கிறாள். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மூன்று வருஷம் தனியாக இருந்தவள் இப்போது கெஞ்சுகிறாள் என்று நினைக்க வேண்டாம். கெஞ்சவில்லை, கேட்கிறேன். வகுப்பு முடிந்ததும் நீங்கள் உங்கள் ஊருக்கு, நான் என் வீட்டுக்கு.

சின்னுவின் அம்மா


மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் கண்டேன். கை கால் ஓடவில்லை. புதன்கிழமை ஸ்டூடியோவை மூடிவிட்டு முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் ஏன் வீட்டைவிட்டு வந்தேன் என்று உனக்கே தெரியும். என்னைப் பார்த்தாலே உன் முகம் கல்லாகிவிடும். என்ன ஜோக் அடித்தாலும் அதே முகம். "கொஞ்சம் சிரிங்க" என்று முன்பின் தெரியாதவர்களைச் சிரிக்க வைத்துப் பிழைக்கிறவன் நான். வீட்டில் என் பாச்சா பலிக்கவில்லை. அந்த முகத்துக்குப் பக்கத்தில் உட்காரத்தான் வேண்டும் என்றால் உட்காருகிறேன். சண்டை மட்டும் வேண்டாம்.

போட்டோக்காரன்


ஏப்ரல் 2

சின்னுவின் அப்பாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? பஸ்ஸில் தூங்கிக் கழுத்து பிடித்துக்கொண்டிருக்குமே.

நேற்று வகுப்பு வாசலில் என் கால் தரையோடு ஒட்டிக்கொண்டபோது என்னைப் பிடித்து இழுத்தீர்கள். பயிற்சி கொடுக்கும் அம்மாவுக்கு நீங்கள் மேஜர் என்று பட்டப்பெயர் வைத்தது சரியாய்ப் போயிற்று. "இழுக்காதீங்க சார், விழுந்துடுவாங்க! பக்கத்துல நின்னு எண்ணுங்க, அவங்களே காலை எடுத்து வைப்பாங்க" என்று என்ன சத்தம்! நீங்களும் எண்ணினீர்கள். ஆனால் ஸ்டூடியோ குரலில் "ஒண்ணு, ரெண்டு..." என்றதும் வகுப்பே அசையாமல் போட்டோவுக்கு நின்றுவிட்டது.

நான் சிரித்தேன். வெளியே தெரிந்ததா என்று தெரியவில்லை. கால் நகர்ந்தது, அது போதும்.

சின்னுவின் அம்மா


ஏப்ரல் 16

என் அன்பு வாயாடிக்கு,

நேற்று முகப் பாடத்தின் நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன் அல்லவா? தண்ணீர் குடிக்கப் போகவில்லை. வராந்தா மூலையில் நின்று அழுதேன்.

மேஜர் சொன்னதைக் கேட்டாய்தானே? "இந்த நோய் முகத்துத் தசையையும் இறுக்கிடும். சிலருக்குக் கை நடுங்கறதுக்கு முன்னாடியே அது ஆரம்பிச்சுடும். உள்ள சிரிப்பாங்க, வெளிய தெரியாது. வீட்டுல இருக்கறவங்க கோபம்னு நினைச்சுக்குவாங்க." அந்த வீட்டாள் நான்தான். நீ என்மேல் கோபமாகவே இருந்ததில்லை! எல்லாம் நோய் பண்ணிய வேலை. இது தெரியாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேனே.

மாதக் கடைசியில் ஸ்டூடியோவைக் காலி செய்துவிட்டு வந்துவிடுகிறேன். இனி நமக்குள் எந்த மனத்தாங்கலும் இல்லை. சரி என்று ஒரு வரி எழுது.

உன் போட்டோக்காரன்


ஏப்ரல் 21

என்னங்க,

ஸ்டூடியோ கட்டிடக்காரரிடம் இன்னும் எதுவும் சொல்லிவிட வேண்டாம். முதலில் இதைப் படியுங்கள்.

மேஜர் சொன்னது எனக்குப் பாதிதான் பொருந்தும். நான் மருந்தாளுநர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் "இவ பாஸ் பண்ணி என்ன கிழிக்கப் போறா?" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அது நோய் இல்லைங்க, நான். பரீட்சைக்கே போகவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் அடித்த ஜோக்குகளில் சிலவற்றுக்கு உள்ளே சிரித்திருக்கிறேன். அவற்றை வேண்டுமானால் நோயின் தலையில் கட்டுங்கள்.

நீங்கள் அழுததாக எழுதிய வரியை இரண்டு தடவை படித்தேன். வருவதாக எழுதியதில் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. ஆனால் கோபமே இல்லாத ஒருத்தியைத் தேடிக்கொண்டு வராதீர்கள். அப்படி ஒருத்தி இந்த வீட்டில் இருந்ததே இல்லை. என் சிரிப்பை நோய் எடுத்துக்கொண்டது. என் கோபத்தை நீங்கள் எடுத்து அதற்குக் கொடுக்க வேண்டாம்.

இது சம்மதம் என்றால் காலி செய்துவிட்டு வாருங்கள். இனி என் முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வாயைத் திறந்து கேளுங்கள், சொல்கிறேன். இப்போதெல்லாம் குரலும் சன்னமாகிக்கொண்டு வருகிறது. கொஞ்சம் கிட்டே வந்துதான் கேட்க வேண்டியிருக்கும்.

உங்கள் மனைவி