நாலு சக்கரமும் பதில் சொன்ன நாள்

அன்பு மகள் பிரிட்டாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நியூசிலாந்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன், நாங்கள் இருவரும் நன்றாகவே இருக்கிறோம். மேட்டின் தெற்குப் பக்கம் பனி உருகிவிட்டது, முற்றமெல்லாம் ஒரே சேறு, மாடுகள் கன்று போடத் தொடங்கிவிட்டன. நீ அங்கே யாருடைய ஆடுகளுக்கோ வைத்தியம் பார்க்கிறாய், இங்கே நம் மாடுகளுக்கு நான்தான் டாக்டர். அப்பாவைப் பற்றித்தான் உனக்குக் கவலை இருக்கும், எனவே முதலில் அதையே சொல்கிறேன். பக்கவாதம் வந்தபோது விழுந்த கையும் காலும் அநேகமாகத் திரும்பிவிட்டன, பேச்சுதான் வராமல் இருந்தது. ஆமா, இல்ல, காப்பி, அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை, அவ்வளவுதான் அவரிடம் மிச்சம். அந்தக் கெட்ட வார்த்தை மட்டும் தடங்கலே இல்லாமல் வந்தது. தேவாலய வாசலில் பாஸ்டர் கையைக் குலுக்கி எப்படி இருக்கீங்க டுவேன் என்று கேட்டதற்கு அதைத்தான் பதிலாகச் சொன்னார். பாஸ்டர் நல்ல மனுஷன், எனக்கும் இந்த வாரம் அப்படித்தாங்க இருந்துச்சு என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

பேச்சுப் பயிற்சிக்கு லூயிஸ்டவுன் வரை நம் பழைய நீல டிரக்கில்தான் நான் அவரைக் கூட்டிப்போகிறேன். அதில் டயர் காற்று குறைந்தால் எரிகிற மஞ்சள் விளக்கு வருஷக்கணக்காக அணையாமல் எரிந்ததும், உன் அப்பா அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்ததும் உனக்குத் தெரியும். போன மாதம் ஓடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், சரளைக்கல் ரோட்டில், வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் பின் டயர் தரையோடு தரையாகக் கிடக்கிறது. அந்த இடத்தில் போனும் எடுக்காது. காற்றும் பனியுமாக அடிக்க, நானே ஜாக்கி வைத்து ஸ்டெப்னி மாட்டினேன், அது பெரிய விஷயமில்லை. ஆனால் அப்பா உள்ளே உட்கார்ந்து கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், எதையோ சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடினார், நான் திரும்பி வந்து ஏறியபோது அவர் கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி இந்த வண்டி என்னிடம் பொய் சொல்லக் கூடாது என்று.

டயர் கடையில் கேட்டபோது, ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு ஒட்டி ஒரு சென்சார் இருக்கிறதாம், அதற்குள் இருக்கும் பேட்டரி செத்தால் மாற்ற முடியாதாம், முழுசையும்தான் மாற்ற வேண்டுமாம். சரி, நாலையும் மாத்திடுங்க என்றேன். மாற்றினார்கள். டேப்பை உரித்துப் பார்த்தால் விளக்கு முதலில் மினுக்கிவிட்டு அப்புறம் பழையபடி எரிகிறது. புது சென்சாரை வண்டிக்கு அறிமுகம் செஞ்சு வைக்கணும், எங்க கருவி ரிப்பேர்ல கிடக்கு, அடுத்த வாரம் வாங்க என்றார்கள். பக்கத்துப் பண்ணை வேட் அப்படி ஒரு கைக்கருவி வைத்திருந்தான். கடன் கேட்டேன். கொடுக்கும்போது, உங்களால முடியலேன்னா கூப்பிடுங்க, நான் வந்து சிரிக்கிறேன் என்றான். அவன் குசும்பு உனக்குத் தெரியாததா.

மறுநாள் மதியம் அப்பாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன், என்ஜினைப் போடாமல். சாவிக்கொத்தில் இருக்கும் பூட்டுகிற பொத்தானையும் திறக்கிற பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் ஹார்ன் இரண்டு தரம் அடிக்கும், உடனே போய் ஒவ்வொரு சக்கரத்தின் வால்விலும் கருவியை வைக்க வேண்டும், அந்தச் சக்கரம் பேசியதும் ஒரு தரம் ஹார்ன் அடிக்கும். தாமதித்தால் வண்டி சலித்துப்போய் எல்லாவற்றையும் மறந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. ஹார்ன் அடித்தது. எனக்குத் தோன்றவே இல்லை பார், குளிர்காலம் முழுக்கத் தீவனத்துக்கு நாம் மாடுகளைக் கூப்பிடுவது இதே ஹார்னால்தானே. மேட்டுக்குப் பின்னாலிருந்து மொத்த மந்தையும் சேற்றை வாரியடித்துக்கொண்டு ஓடிவந்தது. கேட்டை நான் சாத்தியிருக்கவில்லை. இடது முன் சக்கரத்தை முடிப்பதற்குள் டிரக்கைச் சுற்றி மூக்கும் முதுகுமாக நிற்கின்றன, ஒரு கிடாரி என் கையிலிருந்த கருவியை நக்குகிறது. வலது பக்கம் போக வழியில்லை, நேரம் கடந்து வண்டி மறந்துவிட்டது. இரண்டாவது தரம் ஆரம்பித்தேன். ஹார்ன் கேட்டதும் மிச்சமிருந்த கிழட்டு மாடுகளும் வந்து சேர்ந்தன. இடது முன் சக்கரம் பேசிவிட்டது. முன்பக்கம் மாடுகள் அடைத்துக்கொண்டிருந்ததால், சரி, பின் சக்கரத்தை முதலில் முடிப்போம் என்று இடது பக்கமே பின்னால் நடந்தேன்.

அப்போது ஜன்னல் வழியாக அப்பாவின் குரல் வந்தது. அங்க போகாத ஆர்லிஸ், வலது முன்னாடிதான் அடுத்தது என்றார். அப்படியே, முழுசாக, இடையில் ஒரு திணறலும் இல்லாமல். நடந்துகொண்டிருந்த நான் சேற்றிலேயே நின்றுவிட்டேன். வரிசை தப்பினால் எந்தச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று வண்டி தப்பாகப் படித்துக்கொள்ளுமாம், பல வருஷங்களுக்கு முன் அவரே செய்த வேலைதானே, எனக்குத்தான் தெரியாது. என்ன சொன்னீங்க என்று கேட்டேன். அவருக்கே ஆச்சரியம், வாயில் கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, மாட்ட... முதல்ல... விரட்டு என்றார். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது, கருவியாலேயே மாடுகளைத் தட்டி விரட்டிவிட்டுக் கேட்டைச் சாத்தினேன். மூன்றாவது தரம் அவர் ஜன்னலில் தலையை நீட்டி வலது முன், வலது பின், இடது பின் என்று சொல்லச் சொல்ல நான் ஓடினேன், நாலு சக்கரமும் பதில் சொல்லிக் கடைசியில் ஹார்ன் இரண்டு தரம் அடித்தது, விளக்கு அணைந்தது. வேலிக்கு வெளியே மாடுகள் கத்துகின்றன, உள்ளே நாங்கள் இருவரும் அதைவிடச் சத்தமாகச் சிரிக்கிறோம்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே, மறுநாள் உப்பு கேட்க வந்து பாதி நேரம் முழித்தார். ஆனால் பயிற்சி கொடுக்கிற பெண் இப்போது புத்தகத்தை மூடிவிட்டு டிரக்கைப் பற்றித்தான் அவரிடம் பேசுகிறாள், அவரும் அவளை விடுவதில்லை. வேட் கருவியை வாங்க வந்தான், அப்பா அவனிடம் ஏண்டா சிரிக்க வரல என்று கேட்டார். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி ஏதாவது பிரசவம் பார்க்கப் போகும்போது மாப்பிள்ளையையும் கூட்டிப்போ. கடவுள் உங்கள் இருவரையும், உங்கள் கூரையையும், உங்கள் டயர்களையும் காக்கட்டும். இன்னொன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் வரும், நம்பரை அழுத்தப் போவது நானில்லை. எடுத்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே, ஹலோ ஹலோ என்று அவசரப்படுத்தாதே, நீயாகச் சொல்லை எடுத்தும் கொடுக்காதே. உன் பேரைத்தான் கொட்டகையில் தனியாக நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா ஆர்லிஸ்