வெள்ளிக்கிழமை நஷ்டம்

வேப்பம்பட்டு
27-7-2008

அன்புள்ள சுகிர்தாவுக்கு ஹஸ்னா எழுதுவது.

நீயும் தம்பி ராபினும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே இவரும் சிஃபாவும் நலம். சிஃபா யூ.கே.ஜி. போகிறாள், மிஸ்ஸையே திருத்துகிறாளாம்.

முந்தாநாள் போனில் நான் வெறும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன் என்று கோபித்துக்கொண்டாய். பக்கத்தில் இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவர் முன்னால் பேச முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. கண்டதையும் கற்பனை பண்ணாதே, அதற்கெல்லாம் எனக்கு நேரமில்லை.

நான் ஷேர் வியாபாரம் பண்ணுகிறேன், சுகி. இவர் திருவள்ளூரில் பைப் கடையைத் திறக்கப் போனதும் டி.வி.யில் விலை ஓடும். நான் வீட்டு போனிலிருந்து ஷேர் ஆபீஸுக்குப் பேசுவேன். அங்கே செண்பகம் என்று ஒரு பெண். வாங்கு என்றால் வாங்குவாள், விற்றுவிடு என்றால் விற்பாள். மூன்றரைக்குச் சந்தை மூடுவதற்குள் வாங்கினதை விற்று முடித்துவிட வேண்டும். முதலில் ஷேர் மட்டும்தான். இப்போது சந்தை மொத்தமும் ஏறுமா இறங்குமா என்று பார்த்து நிஃப்டி ஃபியூச்சரும் செய்கிறேன். டாலரிலும் ஃபியூச்சர் வரப்போகிறதாம்.

பணம் என் மஹர் பணம். நிக்காஹ்வில் இவர் எனக்கென்று கொடுத்தது, என் சொந்தம். ஆனாலும் சொல்லவில்லை. ஒருநாள் டி.வி.யில் ஃபியூச்சர் பற்றிப் பேசியபோது, "கையில இல்லாத சரக்க வாங்கி விக்கிறானுங்க, சூதாட்டத்துக்கு இன்னா பேரு வச்சா இன்னா" என்றார். அன்றோடு என் வாய் அடைத்துப்போனது.

தினமும் சாயங்காலம் அன்றைய வியாபாரத்தைத் திரும்பிப் பார்க்கச் சொல்கிறாள் செண்பகம். பார்க்கிறேன். லாபம் வந்தால் என்னை மெச்சிக்கொள்கிறேன், நஷ்டம் வந்தால் சந்தையைத் திட்டுகிறேன். இது சரிப்படாது. இன்னொரு கண் வேண்டும். எனக்குத் தெரிந்து தயவு தாட்சண்யம் இல்லாத கண் உன்னுடையதுதான்.

பதில் போடு.
ஹஸ்னா

—

கும்மிடிப்பூண்டி
5-8-2008

அன்பு ஹஸ்னாவுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்குத் தெரிந்த ஷேர் எல்லாம் கவரைப்பேட்டை போகிற ஷேர் ஆட்டோதான். என்னைப் போய்க் கேட்கிறாயே. ஆனாலும் கேட்டதில் மனம் குளிர்ந்துபோனது, மறைப்பானேன்.

தொழில் தெரியாது, தப்புக் கண்டுபிடிக்கத் தெரியும். அதற்குத்தான் சிப்காட்டில் எனக்குச் சம்பளம். வார்ப்பில் ஒரு சாமான் ஓட்டையோடு வந்தால் நாங்கள் சாமானைத் திட்டுவதில்லை. எந்த ஷிஃப்ட், எந்த மெஷின், யார் நின்றது, கரண்ட் போய் வந்ததா என்று பக்கத்திலேயே எழுதி வைப்போம். ஒரு ஓட்டை ஒன்றும் சொல்லாது. ஒரு மாத ஓட்டைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் தானாகப் பேசும்.

நீயும் அப்படியே எழுது. அன்றைக்கு லாபமா நஷ்டமா, ஏன் வாங்கினாய், ஏன் விற்றாய், அப்போது வீட்டில் யார். கடைசிக் கேள்வி எதற்கு என்று கேட்காதே, எழுது. தொகை எனக்கு வேண்டாம், பெரியதா சின்னதா என்றால் போதும். போனில் சொல்லாதே. போனில் நீ நஷ்டத்தைச் சிரித்தே மூடிவிடுவாய், காலேஜில் அரியர் வைத்தபோது செய்த மாதிரி.

ராபினுக்கு அத்திப்பட்டு பவர் ஹவுஸில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்திருக்கிறது. சாம்பல் பூசிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான், ஆனாலும் சந்தோஷமாக வருகிறான்.

அன்புடன்
சுகிர்தா

—

வேப்பம்பட்டு
24-8-2008

அன்புள்ள சுகி,

நீ சொன்னபடியே எழுதியிருக்கிறேன். மொத்தமும் இத்துடன் இருக்கிறது. கடைசி வாரம் மட்டும் இங்கேயே.

திங்கள்: லாபம். ஏறும் என்று வாங்கினேன், ஏறியது, விற்றேன். வீட்டில் யாரும் இல்லை.

செவ்வாய்: சின்ன நஷ்டம். ஸ்டாப் லாஸ் போட்டிருந்தேன். இந்த விலைக்கு இறங்கினால் என்னைக் கேட்காமலே விற்றுவிடு என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது அது. இறங்கியது, செண்பகம் விற்றுவிட்டாள். வீட்டில் யாரும் இல்லை.

புதன்: லாபம். கரண்ட் இல்லை, டி.வி. இல்லை. விலையைச் செண்பகமே போனில் சொன்னாள், பாவம்.

வியாழன்: ஒன்றுமில்லை. சிஃபாவுக்குக் காய்ச்சல்.

வெள்ளி: பெரிய நஷ்டம். நான்கு நாளில் சேர்த்தது போனது. ஏன் விற்றேன் என்றால், அதற்கு மேல் தாங்காது என்று. வீட்டில் இவர்.

எழுத ஆரம்பித்த பிறகு அவசரம் குறைந்திருக்கிறது. சாயங்காலம் சுகிக்கு எழுத வேண்டுமே என்ற நினைப்பே பாதி முட்டாள்தனத்தைத் தடுத்துவிடுகிறது. உனக்கு நான் என்ன செய்யப்போகிறேன், சொல்.

நோன்பு வருகிறது, துஆ செய்கிறேன்.
ஹஸ்னா

—

கும்மிடிப்பூண்டி
7-9-2008

அன்பு ஹஸ்னா,

நைட் ஷிஃப்ட் முடித்து வந்து உன் காகிதங்களைத் தரையில் பரப்பிப் பார்த்தேன். ராபின், "இன்னாக்கா, வீட்லயும் ரிஜெக்ஷன் பாத்துகினு கீற" என்றான். பார்க்க அதிக நேரம் ஆகவில்லை.

நீ கெட்டிக்காரி, ஹஸ்னா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். திங்கள் முதல் வியாழன் வரை நஷ்டம் வந்தாலும் சின்னதாக வருகிறது. அளவு தெரிந்து வெட்டுகிறாய். பெரிய நஷ்டம் எல்லாம் வெள்ளிக்கிழமையில்தான். எந்த வெள்ளியிலும் ஸ்டாப் லாஸ் இல்லை. எந்த வெள்ளியிலும் கடைசியில் ஒரே வரி: வீட்டில் இவர்.

மற்ற நாளில் போடுகிறவள் வெள்ளியில் ஏன் போடவில்லை? எனக்குப் பதில் தெரிகிற மாதிரி இருக்கிறது. ஆனால் நீதான் எழுத வேண்டும்.

சுகிர்தா

—

வேப்பம்பட்டு
5-10-2008

சுகி,

பெருநாள் நல்லபடியாக முடிந்தது. நோன்பில் ஒரு மாதம் வியாபாரத்தை ஒதுக்கி வைத்திருந்தேன். உன் கடிதத்தையும்தான். படித்ததும் கோபம் வந்தது. வியாபாரத்தைப் பார் என்றால் என் குடும்பத்தைப் பார்க்கிறாளே என்று. கோபம் ஆற ஒரு மாதம் ஆயிற்று.

நீ நினைத்தது சரிதான். வெள்ளியன்று இவர் கடையை மூடிவிட்டு ஜும்ஆ தொழுகைக்குப் போய், வீட்டுக்குச் சாப்பிட வருவார். மூன்று மணிக்குத்தான் மறுபடி கடைக்குக் கிளம்புவார். ஸ்டாப் லாஸில் விற்றால் உடனே கணக்கு வைத்திருப்பவருக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்பது அந்த ஆபீஸ் சட்டம். கணக்கில் கொடுத்திருப்பது வீட்டு நம்பர். இவர் சாப்பிடும்போது போன் அடித்தால் இவர்தான் எடுப்பார். அதனால் போடுவதில்லை. இவர் கிளம்பினதும் ஓடிப்போய் டி.வி.யைப் போடுவேன். அதற்குள் விலை எங்கேயோ போயிருக்கும்.

போன் அடிக்கக்கூடாது என்பதற்காக இத்தனை நஷ்டம். எழுதிப் பார்க்கும்போதுதான் எனக்கே வெட்கமாக இருக்கிறது. இனி வெள்ளியில் வியாபாரமே வேண்டாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

ஹஸ்னா

—

கும்மிடிப்பூண்டி
14-10-2008

ஹஸ்னா,

சரியில்லை. ஒரு மெஷின் ஓட்டை போட்டால் அந்த மெஷினை நிறுத்திவிட்டு எங்கள் மேனேஜர் நிம்மதியாகத் தூங்குவார். ஓட்டை அடுத்த மெஷினில் வரும். நாளைக்கே உன் வீட்டுக்காரர் உடம்பு முடியாமல் ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டில் இருந்தால் அன்றும் இதே கதைதான்.

அவரிடம் சொல்லிவிடு. திட்டட்டும். சகாபுதீன் அண்ணனை எனக்குத் தெரியும், உன் கல்யாணத்தன்று எனக்கென்று தனியாக மீன் வறுக்கச் சொன்ன மனுஷன். நீ சொல்கிறவரை இனி உன் கணக்கை நான் பார்க்க மாட்டேன். பார்த்தால் உனக்கு ஒளிக்க உதவி செய்கிறவள் ஆகிறேன். இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சுகிர்தா

—

வேப்பம்பட்டு
26-10-2008

என் சுகிக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து தினமும் சொல்ல வாயைத் திறப்பேன், "பைப் விலை ஏறிடுச்சா" என்று கேட்டு மூடிவிடுவேன். வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. சொல்லத் தைரியம் வரவில்லை. காலையில் நிஃப்டி வாங்கிவிட்டுச் செண்பகத்திடம், "ஸ்டாப் லாஸ் போடும்மா" என்றேன். "மேடம், இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்றாள். அவளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது பார். "தெரியும், போடு" என்றேன்.

அன்று சந்தை எப்படி விழுந்தது என்று நீயும் கேள்விப்பட்டிருப்பாய். இவர் பள்ளிவாசலிலிருந்து வந்து, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். சோறு போட்டு, குழம்பு ஊற்றினேன். போன் அடித்தது. எச்சில் கையோடு எழுந்தார். நான் எடுக்கிறேன் என்று ஓடியிருக்கலாம், சுகி. காலும் அதற்குத்தான் தயாராக இருந்தது. என்ன தோன்றியதோ, "நீங்களே எடுங்க. எனக்குத்தான் வருது. ஷேர் ஆபீஸ்லேர்ந்து" என்றேன்.

எடுத்தார். கேட்டார். "சரிம்மா, சொல்லிட்றேன்" என்று வைத்தார். "எதையோ வித்துட்டாங்களாம். நஷ்டம் கொஞ்சம்தானாம், உன்ன பயப்பட வேணாம்னு சொல்லச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டார். நான் உன் கடிதங்களைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் படித்தார். மீன் வறுத்ததைப் படிக்கும்போது லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சூதாட்டம் என்பார், மஹர் பணத்தைச் சொல்லுவார் என்று பதில்கூட வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்போ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் சாப்டுகினு இருக்கசொல்லோ, இவன் எப்படா கெளம்புவான்னு பாத்துகினு இருந்தியா?"

அழுதேன். பிறகு அவரே டி.வி.யைப் போட்டார். மதியத்துக்கு மேல் சந்தை கிணற்றில் கல் விழுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. வழக்கம்போல மூன்று மணிவரை காத்திருந்தால் மஹர் பணம் முழுகிப்போயிருக்கும். "இந்தப் பொண்ணு இல்லன்னா இன்னா ஆயிருக்கும்" என்றார். உன்னைத்தான் சொன்னார்.

எதற்கென்று நன்றி சொல்வது? பணம் தப்பியதற்கா, அந்தக் கேள்வி என் காதில் விழுந்ததற்கா? இரண்டாவதற்கே முதலில் சொல்கிறேன். அல்லாஹ் உன்னை நல்லா வைக்கட்டும்.

ஹஸ்னா

—

கும்மிடிப்பூண்டி
9-11-2008

அன்பு ஹஸ்னாவுக்கு,

கம்பெனி பஸ்ஸில் படித்து, பக்கத்தில் இருந்த விக்டோரியா அக்கா கர்ச்சீப் கொடுக்கிற நிலைமைக்கு ஆளானேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

நான் ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்கு ஸ்டாப் லாஸ் போட்டவள் நீ, நீங்களே எடுங்க என்றவளும் நீ. நான் தூரத்திலிருந்து விரட்டினேன், அவ்வளவுதான். நன்றி சொல்ல வேண்டியவள் நான். இந்த மூன்று மாதம் என்னையும் ஒருத்தி நம்பினாள் என்ற நினைப்போடு வேலைக்குப் போனேன்.

இங்கே ஆர்டர் குறைந்துபோயிற்று. நைட் ஷிஃப்டை நிறுத்திவிட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் வேலையில்லை, வெள்ளியும் சனியும். பயப்படாதே, ராபின் சம்பாதிக்கிறான்.

உன் தினக்கணக்கை இனி அனுப்புவாயா? அண்ணன் சம்மதித்தாரா? ஒரு வரி எழுது.

சுகிர்தா

—

வேப்பம்பட்டு
15-11-2008

அன்புள்ள சுகி,

ஃபியூச்சரை விட்டுவிட்டேன், டாலர் ஆசையையும்தான். "ஷேர் வாங்கு, அது உன் கைக்கு வருது. கைக்கு வராதது நமக்கு வேணாம்" என்றார். எனக்கும் அது பிடித்திருக்கிறது. சாயங்காலம் அவரே கேட்கிறார், இன்றைக்கு என்ன ஆச்சு, ஏன் வாங்கினே, ஏன் வித்தே என்று. உன் கேள்விகளை மனப்பாடம் பண்ணிவிட்டார். உன் வேலை போயிற்று, கோபித்துக்கொள்ளாதே.

கணக்கில்லாமல் உனக்கு எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. அதனால் எழுதப்போவதில்லை. உனக்குத்தான் வெள்ளிக்கிழமை வேலையில்லையே. கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி இங்கே வந்து சேர். இவர் இப்போதே மீனுக்குச் சொல்லிவிட்டார்.

கடைசியாக ஒரே ஒரு நாள் கணக்கு, நேற்றையது.

வெள்ளி: வியாபாரம் இல்லை. வீட்டில் இவர். மூன்று மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இன்னும் கொஞ்ச நேரம் இருங்களேன் என்றேன். இருந்தார்.

உன்
ஹஸ்னா